பதினோரு குடைகளும் ஒரு கத்தரிப் பாத்தியும்

பள்ளிக்கூடத்தில் காய்கறித் தோட்டம் போடுவது, அதுவும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடுவது என்று முடிவு செய்தேன். நான் பூகோள வாத்தியார். பூமி முழுவதையும் பாடம் நடத்துகிறவனுக்கு அதில் பத்தடிக்குப் பத்தடி ஒரு பெரிய விஷயமா?

எல்லாம் வாய்க்கொழுப்பு. "தோட்டத்தை யார் பார்த்துக்கறீங்க?" என்று தலைமையாசிரியை கேட்டதும் மற்ற ஆசிரியர்கள் மேஜைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் கதை வேறு. மொட்டைமாடியில் மனைவி நாற்பத்திரண்டு தொட்டி வைத்திருக்கிறாள். "எனக்கும் செடிக்கும் ஆகாது, தொட்டாலே வாடிடும்" என்று சொல்லியே பதினான்கு வருடமாகத் தண்ணீர் ஊற்றாமல் தப்பித்து வருகிறேன். அதனால் கோடை விடுமுறையில் அவளால் அக்கா வீட்டுக்குப் போக முடிவதில்லை. எனக்கோ இரண்டு மாதமும் மின்விசிறிக்கடியில் படுக்கை, வேளாவேளைக்குச் சாப்பாடு. இந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

விதைத்த அன்றே மாட்டிக்கொண்டேன்.

"என்னங்க, கையெல்லாம் மண்ணு?"

"ஸ்கூல்ல கத்தரி விதை போட்டேன்."

"எப்போ?"

"மத்தியானம் பன்னண்டு மணிக்கு."

"அந்த வெயில்லயா? எவ்வளவு ஆழம்?"

"ஒரு சாண். ஸ்கேல் வெச்சு அளந்தேன். மேல் மண்ணு கொதிக்குது. கீழ போகப் போகத்தானே குளிர்ச்சி?"

"விதைச்சீங்களா, புதைச்சீங்களா? அந்த விதைக்கு மேல ஒரு சிட்டிகை மண்ணு போதும். நிழல்ல, தட்டுல போட்டு, நாத்து வளந்ததும் எடுத்து நடணும். வேணும்னா நானே..."

"நீ சும்மா இரு. இது விஞ்ஞானம்."

சும்மா இருந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஆனது. ஒரு பச்சைப் புள்ளிகூடத் தெரியவில்லை. வெயில்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். மாணவர்கள் மறந்துவிட்டுப் போன பதினோரு குடைகள் அலுவலக அலமாரியில் கிடந்தன. அத்தனையையும் விரித்துப் பாத்தியில் குத்தி வைத்தேன். ஒரு மூலைக்கு மட்டும் குடை போதவில்லை. அங்கே என் குடையை நானே பிடித்துக்கொண்டு நின்று எட்டாம் வகுப்புக்குப் பாலைவனம் நடத்தினேன். பிள்ளைகளுக்குப் பாடம் நன்றாகப் புரிந்தது. விதைகளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை தலைமையாசிரியை வந்தார்.

"திங்கட்கிழமை பெற்றோர் எல்லாம் வராங்க சார். நாலு செடியாவது கண்ணுல படணும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவலையில் தூங்கினேன். சாயங்காலம் கண் விழித்தபோது மனைவி துணியால் மூடிய இரண்டு தட்டுகளோடு எங்கோ கிளம்பினாள். யாருக்கோ பலகாரம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பாத்தியில் முப்பது கத்தரிச் செடிகள் நின்றன. நேர் வரிசை. ஒவ்வொன்றிலும் நான்கு இலை. மற்றவர்கள் விதைத்தால் முதலில் இரண்டு இலைதான் வரும். எல்லாம் என் கைராசி.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, குடையின் கீழ் விவசாயம் என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரே ராத்திரியில் நான்கு இலை வரவழைத்த விதத்தை விளக்கினேன். தலைமையாசிரியைக்குக் கண் கலங்கியது. முதல் வரிசையில் என் மனைவி உட்கார்ந்து, எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பெட்டி தயாராக இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"அக்கா வீட்டுக்கு. நாளன்னிக்கு உங்களுக்கு லீவு ஆரம்பிக்குதே. ரெண்டு மாசம் இருந்துட்டு வரேன்."

"தொட்டிக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவா? எனக்கும் செடிக்கும்..."

"ஒரே ராத்திரியில நாலு இலை வரவெச்ச கைங்க அது. ஊரே கேட்டுச்சு. நாப்பத்திரண்டு தொட்டி உங்களுக்கு எந்த மூலைக்கு?"

மானம் போனாலும் மின்விசிறி மிஞ்சட்டும் என்று உண்மையைக் கக்கினேன். "சத்தியமா அந்தச் செடி எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். நேத்து சாயங்காலம் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டாரு, நான் நட்டேன். நீங்க ஒரு சாண்னு சொன்ன அன்னிக்கே மாடியில தட்டுல விதைச்சாச்சு."

பெட்டியை அழுத்தி மூடினாள். "இப்ப சொல்லுங்க. இது தலைமையாசிரியைக்குத் தெரியணுமா?"

நன்றாக யோசித்துவிட்டுக் கேட்டேன்: "காலையில எத்தனை வாளி ஊத்தணும்?"