ஏர்போர்ட் அண்ணனும் ஓர் இருமலும்

சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர் ஆகிய மூன்று மாநகரங்களையும் ஒரே அதட்டலில் உட்கார வைத்த மனிதரை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் மரவள்ளிக் கிழங்கும் மீன்தலையும் பிசைந்த வாளி, இடுப்பில் பூப்போட்ட சூலு வேட்டி, வாயில் தானே உருட்டிய புகையிலைச் சுருட்டு. "ஏ வான்கூவர், சிட்னி சோத்துல வாய் வெக்காத!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வான்கூவர் வாலை ஒடுக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கிவிடும். எந்த உலகத் தலைவராலும் ஆகாத காரியம் இது.

பிஜித் தீவில், சுவாவுக்கும் நவ்சோரிக்கும் நடுவே நசினு என்ற இடத்தில் நான் ஒப்பந்த அடிப்படையில் கணக்கு வாத்தியாராக இருந்த காலம். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் அவர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த தமிழர்களின் வழியில் பிறந்த கத்தோலிக்கர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மாதாகோயில் சாமியாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கெல்லாம் ஏர்போர்ட் அண்ணன்.

காரணப் பெயர்தான். ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்துத் துப்பாக்கி தெருவுக்கு வந்த பிறகு, விசா கிடைத்த இந்திய வம்சத்தவர்களெல்லாம் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நாந்தி விமான நிலையம் வரை கொண்டுபோய் விடுவது அண்ணனின் பழைய வேன். போகும்போது வேன் நிறையப் பெட்டிகளும் அழுகையும். திரும்பி வரும்போது முன்சீட்டில் ஒரே ஒரு நாய். பாட்டியையும் பூஜைப்பெட்டியையும் கூட்டிப்போக முடிந்தவர்களுக்கு நாயைக் கூட்டிப்போக முடியவில்லை.

வேனை விட்டு இறங்கிய நிமிஷமே அந்த நாயின் பழைய பெயர் காலி. எஜமானர் எந்த ஊருக்குப் போனாரோ அதுதான் புதுப் பெயர். ஒரே ஊருக்கு இரண்டு குடும்பம் போய்விட்டால் பெரிய ஆக்லாந்து, சின்ன ஆக்லாந்து.

"ஏன் அண்ணே இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பழைய பேரச் சொன்னா அதுக்கு வூட்டு நெனப்பு வந்துடும் மாஸ்டர். ஊர் பேரச் சொன்னா எனக்கு நெனப்பு வரும், யாரு எங்க கீறாங்கன்னு."

அவர் பிள்ளைகள் பிரிஸ்பேனில் இருந்தார்கள். "நீயும் கெளம்பி வா டாடி" என்று வாராவாரம் போன். அண்ணன் அசைந்து கொடுக்கவில்லை. "அரே, நானும் போய்ட்டா என்ன யாரு ஏர்போர்ட்டுக்கு இட்டுகினு போறது?" என்பார்.

சின்ன ஆக்லாந்து குட்டி போட்டது. ஒரு காலையில் சட்டைக்குள் ஏதோ நெளிய எங்கள் வாசலில் வந்து நின்றார். நாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறவள் என் மனைவி வசந்தா.

"கடிக்குமா அண்ணே?"

"பல்லே இப்பதான் எட்டிப் பாக்குது தங்கச்சி. நீ கடிச்சாத்தான் உண்டு."

ஒரு காது மட்டும் காப்பிப்பொடி நிறம். வசந்தாவின் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பியது. கதை முடிந்தது. பெயர் என்ன என்று கேட்டாள். "நசினு" என்றார் அண்ணன். "போறவங்க நாய்க்குத்தான் போற ஊர் பேரு. நீங்கதான் எங்கயும் போவலியே. அப்ப இது நசினு."

எனக்கு என் ஒப்பந்தத்தின் நினைவு வந்தது. இருந்தாலும், அவ்வளவு பெரிய மனுஷர் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது நானும் 'நசினு' என்றே கூப்பிட்டுப் பார்த்தேன்.

அந்த மாதம் மெல்போர்ன் என்று ஒரு புது நாய் வந்து சேர்ந்தது. கூடவே, யாரையும் கேட்காமல் ஓர் இருமலையும் கொண்டு வந்தது. நாலு நாளில் எங்கள் நசினு கழுத்தை நீட்டி, கண் பிதுங்க, துருப்பிடித்த அடிபம்பு மாதிரி "கொஹ்க், கொஹ்க்" என்றது. கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைத் துப்பியது.

"மீன் முள்ளுதான். வேற என்ன?" என்றாள் வசந்தா. முள் சிக்கினால் தமிழச்சி என்ன செய்வாள்? சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னாள். குட்டி துப்பிவிட்டது. செய்தி கேட்டு ஓடிவந்த அண்ணன், "அரிசி லேசு தங்கச்சி, முள்ள இழுக்காது. தவியோகா வெயிட்டு!" என்று மரவள்ளிக் கிழங்கு உருண்டையோடு உட்கார்ந்தார். அதுவும் வெளியே வந்தது. பிறகு வீட்டுக்குப் போய் இரண்டு மெழுகுவத்தி எடுத்து வந்தார். தொண்டை நோய்க்கென்று அவர்கள் மதத்தில் ஒரு புனிதர் உண்டாம். அவர் திருநாளில் சாமியார் இரண்டு மெழுகுவத்திகளைப் பெருக்கல் குறியாகக் கழுத்தில் வைத்து ஆசீர்வதிப்பாராம். அண்ணன் கண்ணை மூடி, குரலில் சாமியாரையே இறக்கி, குட்டியின் கழுத்தில் மெழுகுவத்திகளை வைத்து ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது ஒரு மெழுகுவத்தியில் பாதி இல்லை. குட்டி மென்றுகொண்டே இருமியது.

மறுநாள் அது பாலைக்கூடத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. வசந்தா மடியை விட்டு இறக்க மறுத்தாள். வைத்தியரிடம் போவதென்றால் சுவாவுக்குப் போக வேண்டும். வழியில் ராணுவத் தடுப்பு. எதற்கு வம்பு என்று ஜனங்கள் கல்யாணத்தையே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் கேட்கவில்லை. "ஏறு தங்கச்சி" என்றார்.

தடுப்பில் ஆறடி உயரப் பிஜிப் பூர்வகுடிச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியோடு வேன் கதவைத் திறந்தார். அதே சமயம் பார்த்து நசினு அவர் முகத்துக்கு நேராக "கொஹ்க்" என்றது. சிப்பாய் துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். "ஈசா!" என்று பிஜி மொழியில் பரிதாபப்பட்டு, "பாவம்! எலும்பு சிக்கியிருக்கிறது" என்று ஹிந்தியில் சொல்லி, தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்து எடுத்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? மரவள்ளிக் கிழங்கு! உருட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியா மாஸ்டர்?" என்றார் அண்ணன் பெருமையாக. "நாட்டுல எதுலயும் ஒத்துப்போவல, இதுல மட்டும் எல்லாரும் ஒண்ணு."

வைத்தியம் பார்த்த அம்மாள் ஒரு நிமிஷத்தில் எங்கள் ஒற்றுமையைக் கலைத்துவிட்டார். முள்ளும் இல்லை, எலும்பும் இல்லை. நாய்க்கு நாய் ஒட்டுகிற இருமல். கூட்டமாக நாய் இருக்கும் இடத்தில் ஒன்றுக்கு வந்தால் வரிசையாக வரும். வளர்ந்த நாய் என்றால் பெரும்பாலும் தானே தேறிவிடும். இது குட்டி, நெஞ்சில் இறங்கத் தொடங்கியிருக்கிறது, பிழைத்தால் உண்டு என்றார். இருமுகிற வாயில் எதையாவது திணித்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும் என்றதும் நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்தோம். மருந்து கொடுத்தார். மற்ற நாய்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும். கழுத்தில் கயிறு கூடாது, மார்போடு வார் போடலாம். வெந்நீர் ஆவி நல்லது. கடைசியாக அண்ணனின் சட்டைப் பையைப் பார்த்து, "புகை ஆகவே ஆகாது" என்றார். அவர் மனைவி இருந்தவரை கெஞ்சி, சாமியார் மிரட்டி, பிள்ளைகள் பிரிஸ்பேனிலிருந்து அழுதும் விடாத புகை அது.

திரும்பும்போது தடுப்பில் அதே சிப்பாய். அண்ணன் வேனை நிறுத்தி, புகையிலை டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தார். சிப்பாய் "வினாகா, வினாகா!" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அண்ணன் வாயில் நான் சுருட்டைப் பார்க்கவில்லை. கொள்ளுப்பாட்டனோடு கப்பல் ஏறி வந்த பழக்கம், ஒரு குட்டிநாயின் தொண்டைக்காகப் போய்விட்டது.

ஆவி பிடிக்க எங்கள் பலகை வீடு சரிப்படவில்லை, சுற்றிலும் இடுக்கு. அண்ணன் வேனின் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, எட்டாத மூலையில் கொதிக்கும் அண்டாவை வைத்து மேலே கம்பி வலையைக் கட்டி, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். பிஜி வெயில், இரும்பு வேன், உள்ளே வெந்நீர். கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போய், உள்ளேயிருந்து ஜெபமாலையும் இருமலும் மாறி மாறிக் கேட்கும். கதவு திறந்தால் இட்லிப் பானையிலிருந்து எடுத்தவர் மாதிரி இறங்குவார். "குட்டிக்கு ஆவி, எனக்குப் பாவமன்னிப்பு" என்பார். காலையும் மாலையும் இதே தவம். சீட் பெல்ட்டை அறுத்துக் குட்டியின் மார்புக்கு வாரும் தைத்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு குடும்பத்துக்கு விமானம் இருந்தது. வேன் கேட்டு வந்தார்கள். அவர் யாரையும் அதுவரை இல்லையென்று அனுப்பியதில்லை. "உங்களுக்கு வேற வேன் கெடைக்கும். இந்த மூச்சுக்கு வேற வேன் கெடைக்காது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ஏர்போர்ட் அண்ணன், வேன் கேட்டும் ஏர்போர்ட்டுக்குப் போகாத ஒரே நாள் அது.

பிறகு ஒரு மத்தியானம், வேனுக்கு வெளியே மெல்போர்ன் நடந்துபோனது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். கொஹ்க் இல்லை, "வள்"! சின்னதாக, கோணலாக, ஆனால் சுத்தமான குரைப்பு. நாய் குரைத்தால் நடுங்குகிற வசந்தா, "இன்னொரு தரம் குரைடா கண்ணா" என்று கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதாள். அண்ணன் வேன் படியில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வருஷம் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நாட்டில் நிலவரம் அப்படி. சொந்த ஊரான மாயவரத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. எங்களையும் அதே வேன்தான் நாந்திக்குக் கொண்டுபோனது. வழியெல்லாம் நசினு சீட் பெல்ட் வாரோடு வசந்தாவின் மடியில். பெட்டிகளை இறக்கியபோது, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்:

"இனிமே இதுக்கு மாயவரம்னு பேரா அண்ணே?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நாழியாச்சு மாஸ்டர், உள்ள போங்க" என்று மட்டும் சொன்னார்.

பல வருஷம் கழித்து, அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வந்தபோது முதல் கேள்வியாக அண்ணனைக் கேட்டேன். இருக்கிறாராம். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதாம். சாயங்காலம் வாளியோடு நின்று அவர் கூப்பிட்டால் உலகத்து ஊரெல்லாம் வாலாட்டி வருகிறதாம்.

"மாயவரம்னு ஒண்ணு இருக்கா?"

"இல்லையே. ஒரு காது மட்டும் காப்பிக் கலர்ல ஒரு கெழட்டு நாய் இருக்கு, மார்ல சீட் பெல்ட்டோட. அதை மட்டும் நசினுன்னு கூப்பிடுறார். அதோட ஆளுங்க எங்கன்னு கேட்டேன். 'மாஸ்டர் லீவுல போயிருக்காரு, வந்துடுவாரு'ன்னு சொன்னார்."

வசந்தாவிடம் வந்து சொன்னேன். "லீவு எப்ப முடியுதாம் நமக்கு?" என்று கேட்டாள்.