ஒருவர் கண்ணிலும் படாத ஹோட்டல்

என் கணவர் சூதாடி. நான் சொல்லவில்லை, டெனிஷ் நகரமான ஹேர்னிங்கில் உள்ள எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபை முழுவதும் சொல்கிறது. அவரோ தன் வாழ்நாளில் ஒரு லாட்டரிச் சீட்டுக்கூட வாங்கியவரில்லை. கடையில் இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால், இதில் ஏதோ சுத்துமாத்து இருக்கிறது என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற மனிதர். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அதுவும் மிகுந்த புத்திசாலித்தனத்துடன், ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்து.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. சீலன் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார்; நான் முதியோர் இல்லத்தில். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கான வைத்தியத்துக்கு எங்களுக்குத் தந்த தடவைகள் எல்லாம் முடிந்து, ஒன்றும் சரிவரவில்லை. கடைசியாக ஒருமுறை, எங்கள் சொந்தச் செலவில், ஓல்போர்க் நகரத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் பார்ப்பதென்று முடிவெடுத்தோம். கருமுட்டைகளை வெளியே எடுத்து, அங்கேயே கருவாக்கி, இரண்டு நாளில் திரும்ப உள்ளே வைப்பார்கள். பெப்ரவரி மாதம், வழியெல்லாம் உறைபனி. மூன்று நாளும் ஓல்போர்க்கிலேயே தங்குவது நல்லது என்றார் தாதி.

இது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு, பிள்ளைக்காக ஜெபிக்கச் சொல்லி பாஸ்டர் அம்மாவிடம் மட்டும், காதோடு காதாக, ஒரு சொல் சொன்னேன். அடுத்த ஞாயிறு என்னை முன்னுக்குக் கூப்பிட்டு, நாற்பது பேர் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அதற்குப் பிறகு சபைக்குள் நுழைந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வரும். (ஒரு அக்கா தொட்டே பார்த்துவிட்டு, "ஏதோ இருக்குது போல" என்றார். இருந்தது உண்மைதான். காலையில் சாப்பிட்ட பிட்டு.)

ஆகவே வைத்தியம் பற்றி மூச்சு விடவில்லை. ஹோட்டல் தேடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை தேடினேன். கிளினிக்குக்குப் பக்கத்தில் ஒரு நல்ல ஹோட்டல் இருந்தது. ஆனால் வாசலில் நின்று வரவேற்கிற பெடியன் எங்கள் சபைக்காரர் ஒருவரின் மருமகன். மலிவாக ஒரு விடுதி இருந்தது. ஆனால் குளியலறை பொது, குளிர்சாதனப் பெட்டியும் பொது. என் ஊசிமருந்தை யாரோ ஒரு சைக்கிள் பயணியின் மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனமில்லை. கடைசியில் அகப்பட்டதுதான் கீழ்த்தளத்தில் சூதாட்டக் கூடம் வைத்திருந்த அந்தக் கசினோ ஹோட்டல். கிழமை நாளில் அறை வாடகை நம்பமுடியாத மலிவு. (வாடகையில் விட்டதைக் கீழே சூதாட்டத்தில் வைத்து எடுத்துவிடுவார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.) அறைக்குள்ளேயே குளிர்சாதனப் பெட்டி. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து லிஃப்டில் நேரே மேலே போகலாம்.

"கசினோவோ?" என்று சீலன் எழும்பியே விட்டார். "சபை ஆக்கள் ஆரும் கண்டால்?"

"சபை ஆக்கள் அங்க என்னத்துக்கு வருவினம்?"

"தப்பித் தவறி வந்தால்?"

"வந்தால் எங்களைக் கண்டதெண்டு எப்பிடிச் சொல்லுவினம்? தாங்கள் அங்க நிண்டதையும் எல்லோ சொல்லோணும். யோசிச்சுப் பாருங்கோ. உலகத்திலேயே மறைவான இடம் அதுதான்."

சீலன் யோசித்துப் பார்த்தார். "நீர் சட்டம் படிச்சிருக்கோணும் றஜனி," என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த இரவு பெருமையோடு படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை போனோம். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்த அந்த இருண்ட மதியத்தில் சீலன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். அந்தக் கட்டடத்துக்குள் அன்றைக்கு வந்தவர்களில் சூதாட்டக்காரனைப்போலத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று பின்னேரமே முட்டைகளை எடுத்தார்கள். ஏழு. "ஏழு நல்ல எண்ணிக்கை," என்று டாக்டர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்கு வந்து படுத்தேன். சீலன் என் கால்மாட்டில் உட்கார்ந்து பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டார். ஏழு பெயர். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பெயரைத் திருத்தியும் கொடுத்தேன்.

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஆய்வுகூடத்திலிருந்து போன் வரும் என்றிருந்தார்கள். அறைக்குள் எனக்கு மூச்சு முட்டியது. கீழே போய்க் கோப்பி குடிப்போம் என்றேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்ததால் எழும்பி நடைபாதைக்குப் போனேன். அந்த நடைபாதையின் முடிவில் கசினோவின் கண்ணாடிக் கதவு. அதற்கு முன்னால் ஒரு சிவப்பு வாங்கு. அதில் உட்கார்ந்துதான் கேட்டேன்.

ஏழில் ஒன்றும் கருவாகவில்லை. ஒன்றுகூட இல்லை. வியாழக்கிழமை வரத் தேவையில்லை.

அந்தப் பெண் மிகவும் அன்பாகச் சொன்னாள். நான் அவளுக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன் என்று ஞாபகம். போனை வைத்தபிறகுதான் அழுகை வந்தது. நான் சத்தம் போடாமல் அழுகிற சாதியில்லை. அந்த ஹோட்டலின் தடித்த கம்பளத்தில்கூட என் சத்தம் அமுங்கவில்லை. சீலன் ஓடிவந்து என் முன்னால் முழந்தாளில் நின்றார்.

"என்ன? எல்லாம் போச்சுதோ?"

"எல்லாம் போச்சுது."

"ஏழுமோ?"

"ஏழும். ஒண்டுகூடத் தேறேல்லை."

"சரி. சரி. அழாதையும். கடன்பட்டெண்டாலும் இன்னொருக்கா பாப்பம்."

"இனி ஏலாது. என்னட்டை இனி ஒண்டும் இல்லை. எத்தினை தரம் தோக்கிறது?"

இதைத் தமிழில், கசினோ வாசலில், கட்டிப்பிடித்து அழுதபடி பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கண்ணாடிக் கதவை மறுபக்கம் நின்று துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை அசையாமல் நின்றதைப் பிறகுதான் கண்டேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் வெளியே வந்தார். நீலச் சட்டை, கையில் ஈரத்துணி. ஓல்போர்க்கிலிருந்து எங்கள் சபைக் கூட்டங்களுக்கு மாதம் ஒருமுறை வருகிற செல்வமணி அக்கா.

கசினோவுக்கு வருகிற விசுவாசி வாயைத் திறக்கமாட்டார் என்று கணக்குப் போட்ட எனக்கு, கசினோவில் வேலை செய்கிற விசுவாசி ஒருவர் இருக்கக்கூடும் என்பது தோன்றவேயில்லை. அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. சம்பளத்துக்கு நின்றார்.

அக்காவின் கண்களும் கலங்கியிருந்தன. என் கையைப் பிடித்தார். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் தங்கச்சி," என்றார். "செபிக்கிறன்."

நாங்கள் அன்று பின்னேரமே வீட்டுக்கு வெளிக்கிட்டோம்.  காரில் வரும்போது சீலன், "அக்காவுக்கு எவ்வளவு விளங்கியிருக்கும்?" என்றார். எல்லாம் விளங்கியிருக்கும் என்றேன். ஏழு முட்டை என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

செல்வமணி அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பாஸ்டர் அம்மாவிடம் மட்டும், ஜெபத்துக்காக, சொன்னார்.

சனிக்கிழமை காலை பாஸ்டரும் பாஸ்டர் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் கிழமை நாளில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சனிக்கிழமைகளில் அநேகமாக நித்திரை. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் விசயம் வெளியே வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"தங்கச்சி," என்றார் பாஸ்டர் கதிரையில் இருந்தபடியே, "ஓல்போர்க் விசயம் எங்களுக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது எவ்வளவு காலமாய் நடக்குது?"

"கலியாணம் கட்டி இரண்டாம் வருசத்திலையிருந்து."

பாஸ்டர் அம்மா நெஞ்சில் கை வைத்தார். "என்ரை ஆண்டவரே! காசுக்கு என்ன செய்தனியள் பிள்ளை?"

"முதல் அரசாங்கம் குடுத்தது. இந்தமுறைதான் எங்கட காசு."

"அரசாங்கமோ!" பாஸ்டரின் குரல் ஏறிவிட்டது. "இதுக்கோ?"

"ஓம் பாஸ்டர். இஞ்ச எல்லாருக்கும் குடுக்கினம்தானே. ஆனா இத்தினை தரம்தான் எண்டு இருக்கு."

பாஸ்டர் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கோழி வெட்டி வரி கட்டிவருகிறவர். எதற்காக அவர் முகம் அப்படிச் சிவந்தது என்று எனக்குப் புரியவில்லை.

"இது சாத்தான்ரை வேலை தங்கச்சி," என்றார் கடைசியில்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. மூன்று நாளாய்ச் சாப்பிடாமல் கிடந்தவள் கதிரையிலிருந்து எழும்பினேன். "சாத்தான்ரை வேலையோ? நாங்கள் ஆசைப்பட்டது..."

"ஆசைதான் பிள்ளை," என்றார் பாஸ்டர், இப்போது மெதுவாக. "அந்தச் சுத்துற மெசினுக்கு முன்னால இருந்தால் ஆசை விடாது. எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, நானும் ஒரு காலத்தில உதைபந்தாட்டத்துக்குக் காசு கட்டித் திரிஞ்சனான்."

பாஸ்டர் அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், இது அவருக்கும் புதிய செய்தி என்று தெரிந்தது.

 உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் சீலன் என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டுச் சொன்னார்:

"ஓம் பாஸ்டர். பிழை என்னிலைதான். நான்தான் விளையாடினது. அவ பாவம், என்னை மறிக்க வந்தவ."

அவர்கள் ஜெபித்துவிட்டுப் போனபிறகு குசினிக்குள் வைத்துக் கேட்டேன். "என்ன விசர் வேலை இது? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

சீலன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. "சூதெண்டால் தலையில கையை வைச்சுச் செபிச்சிட்டு என்னை விட்டிடுவினம். மற்றதெண்டால் உம்மை விடமாட்டினம் றஜனி."

மறுநாள் ஞாயிறு அவர் முன்னுக்குப் போய் நின்றார். செய்யாத குற்றத்துக்கு அவ்வளவு அழகாகத் தலைகுனிந்து நின்ற ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அவரைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். பின்வரிசையில் இருந்த எனக்கு, புதன்கிழமையிலிருந்து அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்து, மறுபடியும் அழுகை வந்தது. சபை நடுங்கும்படி அழுதேன். "என்ன உண்மையான மனிசி பாருங்கோ," என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டுக்குச் சாப்பாடு வந்தது. இடியப்பம், சொதி, கோழிக்கறி. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம், பாவம், சமைக்கவும் வழியில்லாமல் இருக்கும் என்று நினைத்தார்கள். டோஸ்ட்ருப்பிலிருந்து சீலனின் தமையன் ஒரு பெட்டி நண்டு அனுப்பி, பொறுப்பாக நடக்கச் சொல்லிப் புத்தியும் சொல்லி அனுப்பினார். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து, செத்தவீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி அதைச் சாப்பிட்டோம். செத்தவீடுதான். ஆனால் அதற்கென்று யாரும் வந்திருக்கமாட்டார்கள். இப்படியாவது வந்தார்களே என்று எனக்கு அப்போது ஒருவித ஆறுதல் இருந்தது. அதை இன்றைக்கு வரை சீலனுக்குச் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் முயற்சிக்கவில்லை.

ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற வேலையிலிருந்து சீலனை மெல்ல எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில் பரிசுச் சீட்டு விற்க வருகிறவர்கள் எங்கள் மேசையைத் தாண்டிப் போகிறார்கள். தமையன் வீட்டில் கடலை வைத்துக் கடதாசிச் சீட்டு விளையாடினால்கூட, "சித்தப்பாவைச் சேர்க்காதேங்கோ, வீட்டை வைச்சிடுவார்" என்று சின்னதுகள் கத்தும். ஓல்போர்க்கில் எவ்வளவு தோற்றீர்கள் என்று கேட்டால் சீலன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்வார். ஒருமுறை கார் என்றார். ஒருமுறை யாழ்ப்பாணத்தில் இல்லாத ஒரு காணி.

போன ஈஸ்டருக்குத் தமையன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய மகள் அபி, பல்கலைக்கழகம் போகிறவள், வழக்கமாக டெனிஷில்தான் எங்களோடு கதைப்பாள். அன்றைக்கு ஏனோ தமிழில் கேட்டாள்.

"சித்தி, எல்லாத்தையும் தோத்த மனிசனை நீங்கள் ஏன் விட்டிட்டுப் போகேல்லை?"

மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"எப்பிடிப் போறது பிள்ளை? நானும் பக்கத்தில இருந்துதானே தோத்தனான்."

 அபி கதிரையில் இருந்து விழாத குறை. "சித்தியும் விளையாடினவவாம்!" என்று அவள் கத்த, குசினிக்குள் இருந்தவர்களும் ஓடிவந்து பார்த்தார்கள். இப்போது குடும்பத்தில் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்; நான் போட்ட தொகை சீலன் போட்டதைவிடக் கூடுதல் என்று ஒரு புதுக் கிளைக்கதையும் உண்டு.

அன்றைக்குச் சிரிக்காதவர் சீலன் ஒருவர்தான். எழும்பி, என் கோப்பையை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணி ஊற்றப் போனார்.