வெயில் என்னுடையது, காற்று அண்ணனுடையது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கீழ்வீட்டிலிருந்து உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். மாடியில் அண்ணன் வீட்டிலும் நலமாகத்தான் இருக்க வேண்டும், நடமாட்டம் கேட்கிறது. நீங்களும் என் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வீட்டை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அளவையாளர் ஒருவரைக் கையோடு அழைத்து வாருங்கள்.

இதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள்தான். ஊரில் கரண்ட் போகாத நாளில்லையே என்று மொட்டை மாடியில் சோலார் தகடு போடலாம் என்றேன். சின்னக் காற்றாலைதான் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். "உன் வெயில் சாயங்காலமானா கடையைச் சாத்திட்டுப் போயிடும்டா" என்றார். "உங்க காத்து மட்டும் கூப்பிட்டா வந்துடுமா?" என்றேன். மின்துறைப் பொறியாளரான நீங்கள் நடுவில் புகுந்து, "நாடே இப்ப ரெண்டையும் சேர்த்துத்தான் ஓட்டப் பாக்குது. வெயில் ஓய்ஞ்சா காத்து, காத்து ஓய்ஞ்சா வெயில். ரெண்டையும் போட்டு ஒரே பேட்டரி வையுங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். வைத்தோம். நாடு சேர்த்து ஓட்டலாம் மாப்பிள்ளை, நாட்டுக்கு அண்ணன் கிடையாது.

ஊர்க் கரண்ட் போன நேரத்தில் மேகம் மூடிக் காற்றடித்தால் அது அண்ணன் கரண்ட் என்று நான் விளக்கே போடுவதில்லை. வெயில் கொளுத்திக் காற்று அசையாவிட்டால் அது என் கரண்ட் என்று அவர் ஃபேன் போடுவதில்லை. இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் யாருடையது என்று தெரியாமல் இருவருமே போடுவதில்லை. பேட்டரி நிரம்பிக் கிடக்கிறது, வீடு இருண்டு கிடக்கிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்ட்ல பேரா எழுதியிருக்கு?" என்று கேட்ட என் மனைவி, டார்ச்சை என் கையில் திணித்துவிட்டு, அண்ணியோடு பேச மாடிக்குப் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் கஷ்டமாக இருக்கிறது. தினமும் பேப்பரை அண்ணன் முதலில் படித்துவிட்டுப் படிக்கட்டில் வைப்பார், வைத்ததும் ஒரு செருமல். இப்போதும் வைக்கிறார், செருமுவதில்லை. வெயில் நாட்களில் பேப்பர் கசங்கி வருகிறது. அதை வைத்துத்தான் விசிறிக்கொள்கிறார் போலிருக்கிறது. பார்க்கும்போது மனது கேட்கவில்லை. ஆனாலும் பிரித்துவிடலாம்.

உங்கள் வீட்டில் விளக்கு அணையாமலும் வாக்குவாதம் வளராமலும் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கீழ்வீட்டு மைத்துனன்

பி.கு.: இதை உறையில் போடும்போதே ஊர்க் கரண்ட் போய்விட்டது. வெளியே வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, ஒரே புழுக்கம். இன்றைக்கு யார் பங்கும் இல்லையே என்று துணிந்து ஃபேனைப் போட்டேன். படிக்கட்டில் செருமல் கேட்டது. அண்ணன் நாற்காலியோடு இறங்கி வந்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தார்.

"ஏண்டா, இது உன் வெயிலா, என் காத்தா?"

"தெரியலண்ணே. பேட்டரிக்குள்ள கலந்துடுச்சு."

அண்ணன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"அப்போ இன்னும் கொஞ்சம் வேகமா வை."

அளவையாளர் வேண்டாம் மாப்பிள்ளை. தங்கையை மட்டும் அழைத்து வாருங்கள்.