மனிதத் தலையீடு: பூஜ்யம்

எழுபத்தோரு மணி நேரம், நாற்பது நிமிடம். ஸ்டீயரிங் என்னும் அடிமைத்தளையிலிருந்து மனித குலம் விடுதலை பெற அவ்வளவு நேரமே போதுமானதாக இருந்தது. கிள்ளான் நகரில் இந்த வரலாற்றைப் பதிவு செய்தவள் லோகேஸ்வரி. வயது இருபத்து நான்கு, இயற்பியல் பட்டதாரி, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

தானாக ஓடும் லோரி வந்த அன்று முதலாளி கமலநாதன் முறைப்படி பூசை போட்டார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள் வைத்தார்கள். லோரியின் கேமரா அவற்றைப் பார்த்தது. 'சாலையில் தடை' என்று திரையில் அறிவித்துவிட்டு நின்றது. கற்பூரம் அணைந்தும் நின்றது.

வைத்த பழத்தை நசுக்காமல் எடுத்தால் விளங்காது என்றார் முதலாளி. லோரிக்குப் புத்தி சொல்ல வேண்டுமானால் அதைச் செய்த நிறுவனத்துக்குப் போன் போட வேண்டும். லோகேஸ்வரியோ கிளினிக்குக்குப் போன் செய்யவே மூன்று நாள் ஒத்திகை பார்ப்பவள். கேபினில் அவளுக்குப் பக்கத்தில், டிரைவர் சீட்டில், 'பாதுகாப்புப் பார்வையாளர்' என்ற உயர்ந்த பதவியில் தம்புசாமி உட்கார்ந்திருந்தார். பண்டமாரான் ஊர்க்காரர், இருபத்திரண்டு வருட லோரி டிரைவர். அவர் அவளைப் பார்த்தார். அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். பழம் நசுங்கியது. வெளியே கைதட்டினார்கள்.

துறைமுகத்திலிருந்து டெங்கில் கிடங்குக்கு ஒன்பது நாள் சோதனை ஓட்டம். லோரியின் அறிவு அபாரமாக இருந்தது. குறுக்கே பாய்ந்த மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டது. விட்ட பிறகு அதை ஓட்டியவனைத் திட்டவும் செய்தது. அதை 'ஒலி எச்சரிக்கை' என்று லோகேஸ்வரி பதிந்தாள். தினமும் பத்து மணிக்கு ஒரு தே தாரிக் டீக்கடையின் முன்னால் தானாகவே ஒதுங்கியது. அது 'எந்திரக் குளிர்விப்பு'. அவளுடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில்: மனிதத் தலையீடு, பூஜ்யம்.

கூட்டத்தில் அவளுடைய வரைபடங்களை முதலாளி பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார். இரண்டு முடிவுகள் அறிவிக்கப்பட்டன. லோகேஸ்வரியின் வேலை நிரந்தரம். தம்புசாமியும் மற்ற பதினோரு டிரைவர்களும் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டியதில்லை.

"வண்டியே ஓடுது. நீங்க எதுக்கு அண்ணே சும்மா உட்காந்துக்கிட்டு?"

"ஆமா பாஸ், கெட்டிக்கார லோரி" என்றார் தம்புசாமி. "டோல்ல என்னையக் கேக்காமலே லேன் மாறுது லா." பிறகு லோகேஸ்வரி பக்கம் திரும்பி, நிரந்தரமாகிவிட்டதே, எப்போது சாப்பாடு போடப் போகிறாய் என்று விசாரித்தார். குரலில் குத்தலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார் முதலாளி. அவள் எழுந்து என்னவோ முணுமுணுத்தாள்.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

"தானா ஓடுற மோட பூசை அன்னைக்கே ஆஃப் பண்ணியாச்சு சார். திரும்பப் போடணும்னா லோரி செஞ்சவங்களுக்குப் போன் பண்ணணும், நான் பண்ணல. எழுபத்தோரு மணி நேரமும் அண்ணேதான் ஓட்டினாரு. சும்மா உட்காந்துக்கிட்டிருந்தது நான்தான்."