பட்டினி கிடந்த ரோஸி

ரோஸி மறுபடியும் வாசலில் கழிந்து வைத்திருந்தது. பஞ்சநதம் சாம்பலைக் கொட்டி அள்ளினார். முழ உயரம்கூட இல்லாத வெள்ளை நாய். இதன் வயிற்றுக்குள் இவ்வளவு எங்கே இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

மகள் நீலாம்பாள் புருஷனோடு சிங்கப்பூர் போனபோது விட்டுப்போன நாய். பேத்தி கனிமொழி அங்கே சரியாகச் சாப்பிடாமல் இதைக் கேட்டே அழுகிறாளாம். வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏற்ற வேண்டும். அதற்குமுன் மயிலாடுதுறை மாட்டு டாக்டர் நோயில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். கழிகிற நாய்க்கு எவன் போடுவான்?

முதலில் மகள் வாங்கி வைத்திருந்த பிஸ்கட் டின்னைச் சந்தேகப்பட்டார். வெளிநாட்டுக்காரன் எதை அரைத்து அடைத்தானோ. டின் குப்பைக்குழிக்குப் போனது. கழிச்சல் நிற்கவில்லை. அடுத்து மனைவி மங்களாம்பிகையைச் சந்தேகப்பட்டார்.

“நீதான் எதையோ போடுற.”

“அரிசிப் பானையைத் தொறந்தாலே வயல்லேருந்து ஓடியாறீங்க. நான் எங்க போடுறது?”

வீட்டில் யாரையும் நம்புவதற்கில்லை என்று, நடவு பார்க்கப் போகும்போது நாயைப் பக்கத்து வீட்டு ஹபீபுன்னிசாவிடம் விட்டுப்போனார். தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அந்தம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ரோஸியை வாரி எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் ரோஸி வயிற்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தது. விடிந்து பார்த்தால் வாசலில் கோலம் போட இடமில்லை.

தண்ணீரில்தான் கோளாறு என்று முடிவுகட்டினார். ஹபீபுன்னிசா வீட்டில் போர் போட்டு எடுக்கிற தண்ணீர். அதனால் அடுத்து, கைபம்பு இருக்கிற வைரக்கண்ணு வீட்டில் கட்டினார். இன்னும் மோசம். ரெத்தினம் வீட்டில் கட்டினார். அதைவிட மோசம்.

மங்களாம்பிகை ஓமம் போட்டுக் கஞ்சி காய்ச்சி வைத்தாள். ரோஸி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பட்டினி கெடக்குற நாய்க்குத் திமிரப் பாரு” என்றார் பஞ்சநதம்.

வேறு வழியில்லாமல் டாக்டரிடமே தூக்கிக்கொண்டு போனார். மேசைமேல் ஏற்றியதும் ரோஸி அங்கேயும் தன் வேலையைக் காட்டியது.

“என்ன சாப்பிட்டுச்சு?”

“ஒண்ணுமில்ல சார். சத்தியமா வெறும் தண்ணிதான்.”

“அப்ப இதெல்லாம் எங்கேருந்து வருது?”

மாத்திரை கொடுத்து, நின்றால்தான் கையெழுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். அந்த மாத்திரையின் மேலும் பஞ்சநதத்துக்கு நம்பிக்கையில்லை.

பஸ்ஸில் ரோஸி அவர் மடியில் தூங்கியது. துண்டால் அதன் வயிற்றைப் போர்த்திவிட்டார். “புள்ள அங்க சாப்புடாம கெடக்கு. நல்லபடியா போய்ச் சேரு” என்று அதன் காதில் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்ததும், இருமல் வந்ததுபோல் இருமிக்கொண்டார்.

வீட்டு வாசலில் கடைசி வீட்டுத் தங்கம்மாள் தூக்குச்சட்டியோடு காத்திருந்தாள். கறிக்குழம்பு வாசனை. ரோஸி அவர் கையிலிருந்து துள்ளிக் குதித்து, வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் ஓடியது.

“என்னா மாமா, ஹபீபுக்கா வீட்டுல பிரியாணி, வைரக்கண்ணு வீட்டுல கோழி, ரெத்தினம் வீட்டுல பாயசம்னு எல்லார் வீட்டுலயும் விருந்து சாப்புட்டுட்டு, எங்க வீட்டுல மட்டும் கை நனைக்காம சிங்கப்பூர் போயிடுமா?”