எட்டின் நடுவே நின்ற சீமை நரி

ஒரு காட்டில் ஒரு சீமை நரி வந்து குடியேறியது. நரி என்றதும் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இது அந்த மாதிரி நரி இல்லை. யாருமே இல்லாத இடத்தில்கூட வரிசையில் நிற்கும் நரி. யாராவது அதன் காலை மிதித்துவிட்டால் அதுவே மன்னிப்புக் கேட்கும். பெயர் பெர்சிவல். காட்டில் எல்லோரும் துரை என்றார்கள். வயசானவர், மரியாதையானவர். ஆகவே நாமும் 'அவர்' என்றே சொல்வோம்.

குளிர்த் தீவு ஒன்றில் ஆயுசு முழுக்க உழைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, மனைவி ஆக்னஸின் மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு இந்தக் காட்டுக்கு வந்தார். கரடியிடம் ஒரு நல்ல குகையை வாடகைக்குப் பிடித்தார். காற்றோட்டமான குகை, ஒழுகாத கூரை. ஆக்னஸின் முழங்கால் ஒரே மாதத்தில் மடங்க ஆரம்பித்தது. அம்மாள் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி, காட்டுப் பேச்சையே பழகிக்கொண்டாள். துரை மட்டும் புத்தகத்தில் படித்த தமிழையே பேசினார்.

அப்போதுதான் தீவு வங்கியிலிருந்து தகவல் வந்தது. 'நீங்கள் தீவில் இல்லை. ஆகவே உங்கள் கணக்கும் தீவில் இருக்க முடியாது. பென்ஷனை உங்கள் காட்டு வங்கிக்கே அனுப்புகிறோம்.' காட்டு வங்கியில் துரைக்குக் கணக்கே கிடையாது. கரடியோ வாடகையை வங்கி வழியாகத்தான் வாங்கும். ரொக்கம் வாங்கினால் தன் மச்சான் கடன் கேட்பான் என்று அதற்குப் பயம்.

"மழைக்குள்ள கணக்கு ஆரம்பிச்சு வாடகையைப் போட்டுடுங்க துரை. இல்லன்னா குகையைக் காலி பண்ணிடுங்க. மழைக்குக் குகை கேட்டு ஆளு நிக்குது" என்றது கரடி.

மழையில் வெளியே கிடந்தால் ஆக்னஸின் கால் என்ன ஆகும் என்று துரைக்குத் தெரியும். அன்றே வங்கிக்கு ஓடினார்.

வங்கி மேனேஜர் ஒரு தேவாங்கு. துரை நீட்டிய தீவு லைசென்ஸை அது இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது. பிறகு இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தது.

"இது செல்லாது சார். இந்தக் காட்டு விலாசம் போட்டு, போட்டோ ஒட்டி, இந்தக் காட்டு லைசென்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அடுத்த நிமிஷம் கணக்கு."

"நான் நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன் ஐயா. ஒரு கீறல்கூட இல்லை."

"அப்போ எட்டு போடுறது உங்களுக்குச் சப்பை மேட்டர்" என்று சொல்லிவிட்டுத் தேவாங்கு சாப்பிடக் கிளம்பியது.

லைசென்ஸ் வாங்க அந்தக் காட்டில் எட்டு போட வேண்டும். மண்ணில் எட்டு மாதிரி கோடு கிழித்திருப்பார்கள். ஸ்கூட்டரில் அதன் மேலேயே வளைந்து வளைந்து வர வேண்டும். காலை ஊன்றினால் ஃபெயில். அவ்வளவுதான். குரங்குக் குட்டிகள்கூடப் போட்டுவிட்டுப் போயின.

பிரேக் இன்ஸ்பெக்டர் எருமை புளியமர நிழலில் அசை போட்டபடி நின்றது. துரை ஹெல்மெட்டை மாட்டினார், கண்ணாடியைச் சரிசெய்தார், கிளம்பினார். முதல் வளைவை அழகாகச் சுற்றினார். எட்டின் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நடு இடத்துக்கு வந்ததும் பிரேக்கை அழுத்தினார். காலை ஊன்றினார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க?" என்றது எருமை.

"இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம் அல்லவா? வலப்பக்கமிருந்து யாராவது வரலாம். வழிவிட வேண்டும்."

"எட்டுக்குள்ள யாரு சார் வருவா? நீங்க ஒருத்தருதான் ஓட்டுறீங்க."

"இப்போது வரவில்லை. வந்தால்?"

எருமை தன் ஜென்மத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. ஃபெயில் என்று சொல்லிவிட்டு மறுபடி அசை போட்டது.

அடுத்த முறையும் அதே கதை. அதற்கடுத்த முறை, நிற்கக் கூடாது என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி வந்தார். நடு இடம் வந்ததும் கால் தானாக இறங்கியது. நாற்பது வருஷப் பழக்கம், மனசு சொல்வதைக் கால் கேட்குமா? இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி. அதிலும் தோற்றால் அடுத்த தேர்வு மழை முடிந்த பிறகு.

வெளியே டிரைவிங் ஸ்கூல் நடத்தும் குள்ளநரி பல்லைக் குத்திக்கொண்டு நின்றது.

"ஏன் துரை சிரமப்படுறீங்க? எங்கிட்ட வர்றவங்க யாரும் எட்டு போடுறதில்ல. போட்டோ மட்டும் குடுங்க, எட்டு தானா போட்டுக்கும்."

"அது குற்றம்" என்றார் துரை.

"நீங்களும் நரிதானே?" குள்ளநரிக்கு உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் ஆக்னஸ் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "பெர்சி, ஒரே ஒரு தடவை நிக்காம போயிடேன். எனக்காக" என்றாள். துரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசித் தேர்வில் என்ன ஆனாலும் காலை இறக்குவதில்லை என்று ஆக்னஸின் முழங்காலைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

தேர்வு நாளன்று காலையிலேயே தூறல். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதால் துரை எப்போதும்போல ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார். நாலுரோட்டுக்கு வந்தால் ஒரே களேபரம். ஒரு பக்கம் யானை பஸ், ஒரு பக்கம் பன்றி லாரி, ஒரு பக்கம் குரங்குகளை அடைத்த ஷேர் ஆட்டோ, ஒரு பக்கம் தண்ணி வண்டி. நாலும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பின்னால் காடே நின்றது. ஹாரன் காதைக் கிழித்தது. ஆட்டோவுக்குள் தேவாங்கு மேனேஜர், லாரிக்குப் பின்னால் பைக்கில் எருமை இன்ஸ்பெக்டர்.

துரை நடுவில் வந்தார். பாதைகள் சந்திக்கும் இடம். கால் தானாக நின்றது.

"நீங்கள் முதலில் செல்லுங்கள்" என்றார் யானையிடம்.

யானைக்கு ஒன்றும் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அதற்கு யாரும் வழிவிட்டதில்லை. அதுவாக எடுத்துக்கொண்டதுதான். ஆச்சரியத்தில் ஹாரனை விட்டுவிட்டது. மற்றவையும் வாயைப் பிளந்தன. துரை பன்றியைக் கொஞ்சம் பின்வாங்கச் சொன்னார், தயவுசெய்து என்றும் சேர்த்தார். யானை நகர்ந்தது. "அடுத்து நீங்கள், பிறகு நீங்கள்." மூச்சுவிடும் நேரத்தில் நாலுரோடு காலியானது. பின்னாலேயே அடுத்த கூட்டம் வந்தது.

"ஐயா, எனக்குத் தேர்வு இருக்கிறது. நான் போகட்டுமா?"

"நகராதீங்க துரை!" என்று மொத்தக் காடும் கத்தியது. "இன்னிக்கு நரி மொகத்துல முழிச்சிருக்கோம், கெடுத்துடாதீங்க!"

மறுத்துப் பேசத் தெரியாத ஜென்மம். நின்றார். தேர்வு நேரம் தாண்டியது. மழை வலுத்தது. குகை போயிற்று, ஆக்னஸின் கால் போயிற்று என்று நினைத்தார். வழிவிட்டுக்கொண்டே அழுதார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் எருமை வந்தது. துரையின் தலையில் ஒரு தொப்பியை வைத்தது, கழுத்தில் ஒரு விசிலை மாட்டியது.

"நாளையிலேர்ந்து நீங்கதான் இங்க டிராஃபிக். சர்க்கார் உத்தியோகம்."

"எனக்கு லைசென்ஸ் இல்லையே ஐயா."

"நிக்கிறதுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?"

மறுநாள் விடியும்போதே தேவாங்கு குகை வாசலில் நின்றது. ஜென்மத்தில் அது அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. "கணக்கு ரெடி சார். கையெழுத்து மட்டும் போடுங்க."

"ஆதாரம் எதுவும் வேண்டாமா?"

"தொப்பி இருக்கே சார்!"

பென்ஷன் வந்தது. சம்பளமும் வந்தது. கரடி, "வாடகைக்கு என்ன அவசரம் துரை, மெதுவா போடுங்க" என்றது. ஆக்னஸ் ஒழுகாத குகையில் காலை நீட்டி உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்தாள். துரை வேலைக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே போனார். லைசென்ஸ் கேட்க வேண்டியவரே அவர்தானே, அவரை யார் கேட்பது?

அடுத்த மழைக்கு முன்னால், அதே தீவிலிருந்து ஒரு முயல் மனைவியோடு வந்து சேர்ந்தது. தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலுரோட்டுக்கு வந்து, நடுவில் நின்று, வலப்பக்கம் பார்த்தது. பின்னால் ஹாரன் கத்தியது.

துரையின் விசில் பறந்தது. "யோவ்! எடுய்யா வண்டியை! ஊருக்குப் புதுசா?"

"மன்னிக்க வேண்டும் ஐயா. வலப்பக்கமிருந்து யாராவது வரலாம் என்று..."

துரையின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. முயலையும், அதன் பின்னால் நொண்டியபடி நின்ற மனைவியையும் பார்த்தார். பிறகு குனிந்து, முயலின் நீளக் காதில் ரகசியமாகச் சொன்னார்: "நேரா போய்க் குள்ளநரியைப் பாருங்க. போட்டோ மட்டும் போதும். நான் சொன்னேன்னு சொல்லுங்க, குறைச்சுக்குவான்."

நீதி: பிறருக்கு வழிவிடுவது மிக நல்ல குணம். ஆனால் தலையில் தொப்பி ஏறும்வரை அதை யாரிடமும் காட்டாதீர்கள்.