முன்னூற்றெழுபதுகாரர்

எதை எடுத்தாலும் "இதுல எது ஸ்ட்ராங்?" என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சு விடும் ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாத்திரையிலும் பெரிய எண் தேடுவார்கள், பற்பசையிலும் தேடுவார்கள். அந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர் ஒரு ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக இருந்தார்.

ஸ்கேனில் ரத்தக்குழாய் பளிச்சென்று தெரிய, அயோடின் கலந்த மருந்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள் அல்லவா? அதில் முன்னூறு, முன்னூற்றைம்பது, முன்னூற்றெழுபது என்று அடர்த்தி உண்டு. நம்மவருக்கு முன்னூற்றெழுபதுதான் மருந்து. மற்றதெல்லாம் தண்ணீர். முன்னூறில் ஒன்று, முன்னூற்றெழுபதில் ஒன்று என்று இரண்டு பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, வெளியே காத்திருக்கும் உறவுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, "இது ஓடுது பாருங்க, இது நடக்குது பாருங்க" என்று, நர்ஸ் வந்து கதவைச் சாத்தும்வரை விளக்குவார். அவருடைய நிஜப் பெயர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஞாபகமில்லை. "முன்னூற்றெழுபது வந்தாச்சா?" அவ்வளவுதான்.

ஒரு நாள் அவருடைய மாமனாரே வந்து மேஜையில் படுத்தார். வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதோ என்று சந்தேகம். பெரியவருக்கு நரம்பு நூல் மாதிரி, சிறுநீரகமும் அரைகுறை.

"முன்னூறு போதும். அளவையும் குறைச்சுக்கலாம்," என்றார் ஸ்கேன் டாக்டரம்மா.

"மேடம், சொந்த மாமனாருக்கு முன்னூறா? வீட்டுல என்னை உள்ள விடுவாங்களா?"

"கெட்டியானதை இந்த நரம்புல வேகமா அழுத்த முடியுமா? மொத்தம் எவ்வளவு அயோடின் போகுது, எவ்வளவு வேகமா போகுதுங்கறதுதான் விஷயம். மெஷின்ல எக்ஸ்ரே வோல்டேஜைக் குறைங்க, குறைஞ்ச வோல்டேஜ்லதான் அயோடின் எடுப்பாத் தெரியும், இதுவே பளிச்னு இருக்கும்."

நம்மவர் வாயைத் திறப்பதற்குள் மேஜையிலிருந்து குரல் வந்தது. "மாப்ளே, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். நான் எழுந்து வீட்டுக்குப் போகணும்."

மாப்பிள்ளை கையிலிருந்த முன்னூற்றெழுபதைக் கீழே வைத்தார். முன்னூறை ஏற்றினார். திரையில் ரத்தக்குழாய் விளக்கு போட்ட மாதிரி தெரிந்தது. வீக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே மனைவி பதறி ஓடி வந்தாள். "அப்பாவுக்கு எதைப் போட்டீங்க?"

"முன்னூறு. நம்பரைப் பார்த்து ஏமாறக் கூடாதும்மா. இதுக்கும் கீழே இருநூற்றெழுபதுன்னு ஒண்ணு இருக்கு பாரு, அதுக்கு ஈடே கிடையாது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் போன் வாங்கப் போன இடத்தில், கேமராவுக்கு விற்பனையாளர் ஒரு பெரிய எண் சொன்னதும், அது எதன் எண் என்றே கேட்காமல் தலையாட்டியது யார்?